கடலுக்குப் போகலாம், கடனுக்குள் போக வேண்டாம்



சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். பத்தாண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் கூறி அருகில் அமர்ந்தார். திருமணமாகி ஏழெட்டு மாதங்களே ஆகியிருந்தன. முகத்தில் புதுமாப்பிள்ளையின் மலர்ச்சி இல்லை. நெடுநேரம் தரையைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "ஹஸ்ரத், கடன் தீர ஓதும் துஆ ஒன்று சொல்லித் தாருங்கள்" என்றார்.

என்ன கடன் என்று கேட்டோம். வணிகத்தில் நட்டமா, தந்தையின் மருத்துவச் செலவா, வீடு கட்டினாரா? ஒன்றுமில்லை. திருமணம் முடிந்த கையோடு மாலத்தீவுக்குப் போயிருக்கிறார். நான்கு இரவுகள். தண்ணீருக்கு மேல் தூண் நட்டுக் கட்டிய குடில். அதற்கு வங்கியில் வட்டிக்கு மூன்று இலட்சம் கடன். தவணை கட்ட முடியாமல் போனபோது மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. அந்தப் பெண் அதைத் தன் தாயிடம் இன்னும் சொல்லவில்லை. விருந்துக்குப் பிறந்தகம் போகும்போதெல்லாம் கழுத்தை முக்காட்டால் மறைத்துக் கொண்டு போகிறாள்.

துஆவைச் சொல்லிக் கொடுத்தோம். ஆனால் அவர் போன பிறகு நம் மனம் அமைதியடையவில்லை. நான்கு இரவு கடல் பார்த்த மகிழ்ச்சிக்கு மூன்று ஆண்டு வட்டி. இது அவர் ஒருவரின் கதையாக இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டோம். நம் சமுதாயத்தில் இது வழக்கமாகி வருகிறது. எனவே உடைத்துப் பேசுவது நம் கடமை.

நாம் சொல்ல வருவது இதுதான்: கடல் பார்க்கப் போவது பாவமன்று, கடல் பார்க்கக் கடனில் இறங்குவதே பாவம். மலிவாகப் போகும் வழி ஒன்று இருக்கிறது. அந்த மலிவான வழியே மார்க்கத்துக்கும் நெருக்கமான வழியாக இருக்கிறது. நம்மவர்கள் அதைக் கேவலமாக நினைத்து விலகிப் போவதுதான் வேதனை.

முதலில் நம் தவறு

பிறரைக் கண்டிக்கும் முன் நம்மைக் கண்டித்துக் கொள்ள வேண்டும். ஆலிம்களாகிய நாம் மிம்பர்களில் இதுவரை என்ன சொல்லி வந்தோம்? "சுற்றுலா என்பது காஃபிர்களின் பழக்கம், வீண்விரயம், அந்தப் பணத்தை ஏழைக்குக் கொடுங்கள்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்தோம். இக்கட்டுரை எழுதும் நாமும் அப்படிப் பேசியவர்களே.

அதன் விளைவு என்ன? போக வேண்டும் என்று எண்ணியவர்கள் போகாமல் இருக்கவில்லை. நம்மிடம் கேட்காமல் போனார்கள். எல்லாமே ஹராம் என்று நாம் சொன்னதால், எது ஹலால், எது ஹராம் என்று பிரித்துக் கேட்கும் வழக்கமே அவர்களிடம் இல்லாமல் போயிற்று. கடற்கரையில் நடப்பதும் வட்டிக்குக் கடன் வாங்குவதும் ஒரே தட்டில் வைக்கப்பட்டால், முதலாவதைச் செய்துவிட்ட இளைஞன் இரண்டாவதைச் செய்ய ஏன் தயங்குவான்?

அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளியாக்கிய அழகையும் நல்ல உணவுகளையும் ஹராமாக்கியவர் யார் என்று குர்ஆன் (7:32) கேட்கிறது. பூமியில் பயணம் செய்து படைப்பு எப்படித் தொடங்கியது என்று பாருங்கள் என்று ஏவுகிறது (29:20). கடலிலிருந்து கிடைக்கும் பசுமையான இறைச்சியையும் அணிகலன்களையும், அதைப் பிளந்து செல்லும் கப்பல்களையும் தன் அருட்கொடைகளாக அல்லாஹ் எண்ணிக் காட்டுகிறான் (16:14). கடலை அருட்கொடை என்று அல்லாஹ் சொல்லும்போது அதைப் பார்க்கப் போவதைக் குற்றம் என்று சொல்ல நாம் யார்?

இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், உம் உடலுக்கும் உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததையும், ஸல்மான் உண்மையே சொன்னார் என்று நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தியதையும் புகாரியில் காண்கிறோம். பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. ஆண்டு முழுவதும் அடுப்படியில் நிற்கும் மனைவியை ஒரு முறை அலைகளில் கால் நனைக்க அழைத்துச் செல்பவர் சுன்னத்துக்கு மாறு செய்யவில்லை.

இப்போது மறுபக்கத்தாருக்கு

"வாழ்க்கையில் ஒரு முறைதானே ஹஸ்ரத்" என்கிறார்கள். வட்டிக்கு அப்படி ஒரு விதிவிலக்கை எந்தக் கிதாபில் கண்டீர்கள்? உயிர் போகும் பசியில் செத்த பிராணியை உண்ண அனுமதி உண்டு. தண்ணீருக்கு மேல் தூங்காவிட்டால் எவருக்கும் உயிர் போவதில்லை. வட்டியை விடாதவர்களுக்கு எதிராக அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் போர் அறிவிப்பதாகக் குர்ஆன் (2:279) எச்சரிக்கிறது. அதை உண்பவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்பது முஸ்லிமில் பதிவான ஹதீஸ். இந்தச் சாபத்தைத் தோளில் ஏற்றிக் கொண்டா புதுமணத் தம்பதியர் விமானம் ஏற வேண்டும்?

"இது வட்டியில்லாத் தவணை" என்கிறார்கள் சிலர். அந்த ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்தீர்களா? நடைமுறைக் கட்டணம் என்ற பெயரில் எவ்வளவு எடுக்கிறார்கள், ஒரு தவணை தவறினால் என்ன சேர்க்கிறார்கள், ரொக்கமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெயர் மாறினால் ஹுக்மு மாறாது.

"ஹலால் ஹனிமூன்" என்று விளம்பரம் வருகிறது. பன்றி இல்லை, மது இல்லை, பெண்களுக்குத் தனிக் குளம், அறையில் தொழுகை விரிப்பு. நல்லதுதான். ஆனால் அதே விளம்பரத்தின் கீழே மாதத் தவணை வசதியும் இருக்கிறது. உணவு ஹலால், உடை ஹலால், பணம் ஹராம் என்றால் அந்தப் பயணத்துக்கு என்ன பெயர் வைப்பது? பணம் ஹலாலாகவே இருந்தாலும், ஓராண்டு வருமானத்தை நான்கு இரவில் கரைப்பவர் வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்ற எச்சரிக்கையை (17:27) நினைத்துப் பார்க்க வேண்டாமா?

இன்னொரு கொடுமையும் உண்டு. சில இடங்களில் இந்தப் பயணச் செலவைப் பெண் வீட்டாரே ஏற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். வாய் திறந்து கேட்பதில்லை. "அவர்கள் மருமகனை எங்கே அனுப்பினார்கள்" என்று பக்கத்து வீட்டுக் கதையாகச் சொல்கிறார்கள். இது கைக்கூலி அன்றி வேறென்ன? கைக்கூலி ஒழிப்பு மாநாடு நடத்தும் ஊர்களில் கைக்கூலி விமானம் ஏறிப் போகிறது.

மனைவியின் நகை மனைவியின் சொத்து. அவள் மனமுவந்து கொடுத்தாலன்றி மஹரில் ஒரு பகுதியைக்கூட கணவன் தொடக் கூடாது என்று குர்ஆன் (4:4) கற்பிக்கிறது. தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது கழற்றிக் கொடுக்கும் சங்கிலியில் மனமுவப்பு எங்கே இருக்கிறது? கடனிலிருந்து நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் பாதுகாவல் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். தாயிடம் கழுத்தை மறைக்கும் அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கடன் வாங்கியவர் கணவர். மறைத்துப் பேச வேண்டிய நிலை மனைவிக்கு.

ஒரே நாட்டுக்கு இரண்டு வழிகள்

மாலத்தீவைப் பற்றி நம்மவர் அறிந்ததெல்லாம் விளம்பரப் படங்கள். அந்த நாட்டை அறிந்தவர் குறைவு. ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள். மக்கள் வாழ்வது சுமார் 200 தீவுகளில் மட்டுமே. 1153-ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்பது அவர்களின் வரலாறு. பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா அங்கே காழியாக இருந்தார். தலைநகர் மாலேயில் உள்ள ஹுகுரு மிஸ்கி என்னும் பழைய ஜும்ஆப் பள்ளி, பவளக் கற்களைச் செதுக்கி 1658-இல் கட்டப்பட்டது. குடிமக்கள் அனைவரும் முஸ்லிம்கள். வார விடுமுறை வெள்ளியும் சனியும்.

இத்தகைய நாட்டில் 1972-இல் சுற்றுலா தொடங்கியது. ஆளில்லாத் தீவு ஒன்றுக்கு ஒரு ரிசார்ட் என்பதே அதன் முறையாக வளர்ந்தது. அதன்படி, மது பரிமாறப்படும் இடமும் அரைகுறை உடையில் நடக்கும் இடமும் மக்கள் வாழும் தீவுகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டன. சொந்த மக்களின் மார்க்கத்தைக் காக்க அந்நாட்டார் போட்ட வேலி அது. நம் இளைஞர்கள் செய்வது என்ன? பள்ளிவாசல் உள்ள தீவை விட்டுவிட்டு, இலட்சக்கணக்கில் பணம் கொடுத்து, அந்த வேலிக்கு அந்தப் பக்கம் போய்த் தங்குகிறார்கள். முஸ்லிம் நாட்டுக்குப் போய், ஒரு முஸ்லிம் வீட்டையும் பார்க்காமல், ஒரு ஜமாஅத்திலும் நிற்காமல் திரும்புகிறார்கள்.

2009-ஆம் ஆண்டுக்குப் பிறகு நிலைமை மாறியது. மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி திறக்கப்பட்டது. மாஃபுஷி, குல்ஹி, தொட்டூ, திகுரா எனப் பல தீவுகளில் உள்ளூர்க் குடும்பங்களே சிறு விடுதிகள் நடத்துகின்றன. அங்கே மது விற்பனை இல்லை. பன்றி இறைச்சி இல்லை. ஐந்து வேளை பாங்கு அறைக்குள் கேட்கிறது. கடல் அதே கடல். மணல் அதே வெண்மணல். வேறுபாடு விலையில்தான். ரிசார்ட்டில் ஓர் இரவுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பகுதியே இங்கே போதும்.

நாம் கண்டது

இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. கடந்த மே மாதம் நாமே போய் வந்தோம். குமரி மாவட்டத்தில் மதரஸா ஆசிரியரின் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். நம் துணைவியார் இரண்டரை ஆண்டுகள் ஒரு டப்பாவில் சிறுகச் சிறுகப் போட்டுச் சேர்த்தார். பிள்ளைகள் பெருநாள் காசைச் சேர்த்தார்கள். நம் மீது கடன் ஏதும் இல்லை என்பதை உறுதி செய்த பிறகே புறப்பட்டோம்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். இந்தியருக்கு விசா அங்கே இறங்கியதும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அதற்கும் கட்டணமில்லை. விமான நிலையத்திலிருந்து பாலம் கடந்து பேருந்தில் மாலே. அங்கிருந்து அரசுப் பயணப் படகில் குல்ஹி. விரைவுப் படகுக்கு ஒருவருக்கு இருபது டாலருக்கு மேல் கேட்கிறார்கள். அரசுப் படகுக்குச் சில டாலர்களே. நேரம் கூடுதல். மரப் பலகையில் உள்ளூர்ப் பெண்களோடும் அரிசி மூட்டைகளோடும் அமர்ந்து போனோம். ரிசார்ட்டுக்குக் கடல் விமானத்தில் போய் வருவதற்கு ஒருவருக்கே நானூறு, ஐந்நூறு டாலர் ஆகிவிடும். அந்தத் தொகை நால்வருக்கும் நம் முழுத் தங்கும் செலவைவிட அதிகம்.

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்றின் தொடக்கம். நாட்கள் சில மழையோடு போகும். அதனால்தான் விடுதி விலையும் குறைவு. ஐம்பது டாலரில் காலை உணவோடு ஒரு குடும்ப அறை கிடைத்தது. ஒரு பகல் முழுவதும் மழை பெய்தது. பிள்ளைகள் வராந்தாவில் அமர்ந்து கடலில் மழை விழுவதைப் பார்த்தார்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்பார் யாரும் இல்லை.

காலை உணவு வந்தபோது நம் மகள் சிரித்துவிட்டாள். "அத்தா, இது நம்ம மாசி!" மாஸ் ஹுனி என்பது சூரை மீனைத் துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாயோடு பிசைந்து ரொட்டியோடு தரும் உணவு. நம் சமையலறையில் தலைமுறைகளாக மணக்கும் மாசிக் கருவாடு இந்தத் தீவுகளின் பெயரோடு சேர்ந்தே வந்தது. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் இன்றும் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக் கொண்டு மாலேக்குப் போகின்றன. நம் பாட்டன்மார் வணிகத்துக்குப் போன கடலில்தான் பேரப்பிள்ளைகள் வட்டிக்கு வாங்கிய பணத்தோடு போகிறார்கள்.

சூரை மீனும் தேங்காயும் தவிரப் பெரும்பாலான உணவுப் பொருள் அங்கே வெளியிலிருந்து வருகிறது. எனவே மீன் உணவு மலிவு, மற்றவை விலை. உள்ளூர்த் தேநீர்க் கடையில் மீன் சாறும் சோறும் சாப்பிட்டோம். தண்ணீருக்குப் பாட்டில்களை எடுத்துப் போய் விடுதியில் நிரப்பிக் கொண்டோம். நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் ஊரிலேயே இரவல் வாங்கிப் போனோம். இடுப்பளவு நீரில் குனிந்தாலே பவளப் பாறையும் வண்ண மீன்களும் தெரிந்தன. நம் மகன் தலையை உயர்த்தி, "சுப்ஹானல்லாஹ்" என்று கத்தியது கரை வரை கேட்டது. எத்தனையோ ஆண்டுகளாக அவனுக்கு அந்தச் சொல்லின் பொருளை மனனம் செய்வித்திருக்கிறோம். அன்றுதான் அவனாகச் சொன்னான்.

மாலையில் அந்தத் தீவின் பெண்கள் முழு உடையோடும் முக்காட்டோடும் பிள்ளைகளை இடுப்பில் ஏந்திக் கடலில் இறங்கினார்கள். நம் துணைவியாரும் அவர்களோடு இறங்கினார். மொழி தெரியாது, ஸலாம் மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது. மக்ரிபு பாங்கு கேட்டதும் எல்லோரும் ஒன்றாகக் கரையேறினார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்

சிக்கனம் என்பது கண்ணை மூடிக் கொண்டு மலிவான விலையைப் பிடிப்பதன்று. விளம்பரத்தில் காட்டும் விலையோடு சுற்றுலா வரி 17 விழுக்காடு, பெரும்பாலும் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு சேரும். 2025 ஜனவரி முதல் சிறு விருந்தினர் இல்லங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 டாலரும் ரிசார்ட்டுகளில் 12 டாலரும் பசுமை வரி. நால்வர் நான்கு நாள் தங்கினால் இல்லத்தில் 96 டாலர், ரிசார்ட்டில் 192 டாலர். நாட்டை விட்டுப் புறப்படும்போது சாதாரண வகுப்புப் பயணிக்கு 50 டாலர் வரி உண்டு; இது விமானச் சீட்டிலேயே அடங்கியிருக்கும். முன்பதிவுக்கு முன், "எல்லா வரியும் சேர்ந்த தொகை என்ன" என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுப் பின்னர் கடன் அட்டையைத் தேய்ப்பவர்கள் பலர்.

வெள்ளிக்கிழமைகளில் அரசுப் படகுகள் பொதுவாக ஓடுவதில்லை. அதை அறியாமல் வெள்ளியன்று போய் இறங்குபவர் விரைவுப் படகுக்குப் பணம் கொடுக்க நேரிடும். நாளைக் கணக்கிட்டுப் புறப்படுங்கள்.

தொழுகையின் கணக்கும் முக்கியம். ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக ஓரிடத்தில் முழுமையாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தால் கஸ்ர் கிடையாது. ஹனஃபியில் பதினைந்து நாட்கள். நான்கு இரவு தங்குபவருக்கு இடையில் மூன்று நாட்களே வருவதால் கஸ்ர் செய்யலாம். ஆனால் அவ்வூர் இமாமின் பின்னால் தொழுதால் முழுமையாகவே தொழ வேண்டும். கடல் நீரில் உளூச் செய்யலாமா என்று ஐயம் வேண்டாம். அது தூய்மையானது என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு மறுப்பும் பதிலும்

"அந்தத் தீவுகளிலும் பிகினி கடற்கரை இருக்கிறதே, மாஃபுஷிக்கு அருகில் மதுப் படகுகள் நங்கூரமிட்டு நிற்கின்றனவே" என்று சிலர் கேட்பார்கள். உண்மை. மறைக்கவில்லை. வெளிநாட்டார் குளிக்கத் தடுப்புப் போட்டுத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மது விரும்புவோர் படகேறி அந்தக் கப்பலுக்குப் போகிறார்கள். ஆனால் அங்கே தீமை ஓர் எல்லைக்குள் நிற்கிறது. அதைத் தேடிப் போனால்தான் காண முடியும். ரிசார்ட்டில் அது காலை உணவு மேசைக்கே வந்துவிடுகிறது. தடுப்புக்கு மறுபக்கம் உள்ள கடற்கரை உள்ளூர்க் குடும்பங்களுடையது, அங்கே போங்கள். நெரிசல் மிகுந்த தீவைத் தவிர்த்து விவசாயம் செய்யும் தொட்டூ போன்ற தீவைத் தேர்ந்தெடுங்கள்.

இதைச் சொல்லும்போது ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரை என்றதும் பெண்களின் உடையைப் பற்றி மட்டுமே நாம் பேசுகிறோம். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை குர்ஆனில் முதலில் ஆண்களுக்கே வந்தது (24:30). பெண்களுக்கு அடுத்த வசனத்தில். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைப்பது ஆணுக்குக் கடமை. மனைவியைத் தலை முதல் கால் வரை மூடச் சொல்லிவிட்டுத் தொடை தெரியும் அரைக்காற்சட்டையில் நிற்கும் சகோதரர் யாரை ஏமாற்றுகிறார்?

"அந்தப் பணத்தில் உம்ரா போயிருக்கலாமே" என்பது இன்னொரு கேள்வி. ஹஜ் கடமையானவர் அதை முடிக்காமல் விடுமுறைக்குச் செலவழிப்பது தவறு, அதில் ஐயமில்லை. ஆனால் உம்ராவையும் மனைவி மக்களின் ஓய்வையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. வட்டிக்கு வாங்கி உம்ரா போனாலும் நாம் இதையேதான் எழுதுவோம்.

நம் வேண்டுகோள்

மணமகன்களே, திருமணத்துக்கு முன்பே உங்கள் துணைவியிடம் உங்கள் வருமானத்தை மறைக்காமல் சொல்லுங்கள். "இந்த ஆண்டு முடியாது, இருவரும் சேர்த்து அடுத்த ஆண்டு போகலாம்" என்று சொல்வதில் ஆண்மைக் குறைவு ஏதுமில்லை. இரு வீட்டுப் பெற்றோர்களே, மருமகனை எங்கே அனுப்பினீர்கள், மருமகளை எங்கே அழைத்துப் போனீர்கள் என்ற கேள்வியை உங்கள் நாவிலிருந்து அகற்றுங்கள். ஜமாஅத் பொறுப்பாளர்களே, நிக்காஹ் பதிவின்போது கைக்கூலி வாங்கவில்லை என்று கையொப்பம் வாங்குகிறீர்கள். பயணச் செலவு யாருடையது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

செலவு செய்யும்போது வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களே ரஹ்மானின் அடியார்கள் என்று குர்ஆன் (25:67) சொல்கிறது. அந்த நடுநிலைக்கு நாம் கண்ட வடிவம் இதுதான்: சேர்த்த பணம், குறைந்த நாட்கள், பள்ளிவாசல் உள்ள தீவு, அரசுப் படகு, மீன் சோறு.

அதற்கும் வசதியில்லாதவர் மனம் சோர வேண்டாம். நம் கன்னியாகுமரிக் கரையும் குளச்சலும் முட்டமும் அதே இந்துமாக் கடலின் பக்கம்தான் பார்த்து நிற்கின்றன. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை குளச்சலையும் மாலத்தீவையும் ஒரே நாளில் தாக்கியது. இரண்டும் ஒரே கடல் என்பதை அன்றே அறிந்து கொண்டோம். பேருந்துக் கட்டணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சுண்டல் பொட்டலம் வாங்கிக் கொடுங்கள். மக்ரிபுக்கு அருகிலுள்ள பள்ளியில் தொழுங்கள்.

நம்மிடம் துஆ கேட்டு வந்த அந்த மாணவர் இப்போது ஒரு கடையில் மாலை நேர வேலையும் பார்க்கிறார். நம்மில் சிலர் சேர்ந்து வட்டியில்லாக் கடனாக ஒரு தொகை கொடுத்து வங்கிக் கணக்கை முடிக்க முயன்று வருகிறோம். முதலில் அடகிலிருந்து சங்கிலியை மீட்டு அதற்குரியவளிடம் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். ஒப்புக் கொண்டிருக்கிறார். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரை ஏளனம் செய்யாமல் கரையேற்றுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் செலவில் நிதானத்தையும் தந்தருள்வானாக. வட்டியின் நிழல்கூட நம் இல்லங்களில் விழாமல் காப்பானாக. கடலை விரித்துத் தந்த அவனே நம் உள்ளங்களையும் விரிவாக்குவானாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.